ஏஎம்டி போட்டால் கைரேகை மெஷின் வேலை செய்யுமா?

கேள்வி: பாலக்கோட்டில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். புதுக் கம்ப்யூட்டருக்கு தருமபுரிக் கடைக்காரர் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி பிராசஸர் போடலாம் என்கிறார். இன்டெல் பிராசஸர் இல்லாவிட்டால் கணக்கு எழுதும் டேலியும் கைரேகை மெஷினும் ஓடாது, சீக்கிரம் சூடாகிப் போய்விடும் என்று மைத்துனர் பயமுறுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். மைத்துனர் சொல்லும் சூடு ஒரு காலத்தில் உண்மைதான். 2000-ஐ ஒட்டி வந்த ஏஎம்டியின் ஆத்லான் சிப்பில் மேலே சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் கழன்றால் சில நொடிகளில் கருகிவிடும். 2011-ல் வந்த எஃப்எக்ஸ் வரிசையும் கரண்ட்டைக் குடித்தது. 2017-ல் ரைசன் வந்ததும் அந்தக் கதை முடிந்தது. 5600ஜி 65 வாட் சிப்தான். பெட்டியோடு வரும் ஃபேனே போதும். சொல்லப்போனால் 2024-ல் மின்னழுத்தக் கோளாறு என்று பேர் வாங்கியது இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள். கம்பெனியே வாரண்டியை 2 வருடம் நீட்ட வேண்டி வந்தது.

டேலிக்கு சிப் யார் செய்தது என்று கவலையே இல்லை. இன்று எல்லோரும் ஓட்டும் 64-பிட் முறையை 2003-ல் கொண்டு வந்ததே ஏஎம்டிதான், இன்டெல் பிறகு அதை ஏற்றுக்கொண்டது. கைரேகை மெஷினுக்கும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனுக்கும் விண்டோஸுக்கான டிரைவர் சாஃப்ட்வேர் சரியாக ஏறியிருந்தால் போதும். மதிய நேரத்தில் அரசு போர்ட்டல் சுற்றிக்கொண்டே நிற்கும், பழைய பிரவுசர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். கடையில் வரிசை நிற்கும்போது பழி மட்டும் உங்கள் பிராசஸர் மேல் விழும். சர்வரைச் சரிசெய்ய வேண்டியவர்களை யாரும் கேட்பதில்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது கடைசி எழுத்துக்கு. 5600ஜி-யில் உள்ள 'ஜி' என்றால் படம் காட்டும் கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. 5600, 5500 இரண்டிலும் அது கிடையாது. மானிட்டரை மாட்டினால் கறுப்புத் திரைதான். 'எல்லாம் ரைசன் 5 தானே அண்ணா, இது 5500, கொஞ்சம் சல்லிசு' என்று தலையில் கட்டிவிட்டு, அப்புறம் படம் வர வேண்டுமென்றால் கார்டு வேண்டும் என்று எங்கோ கழற்றிய பழைய கிராஃபிக்ஸ் கார்டைப் புதுசின் விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். கொட்டேஷனில் 'ரைசன் 5' என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எண்ணும் 'ஜி'யும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

அடுத்தது 'ட்ரே' சரக்கு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து பெட்டி இல்லாமல் கையில் வரும் சிப். சரக்கு ஒன்றுதான், ஆனால் பெட்டியோடு வாங்கினால் கிடைக்கும் 3 வருடக் கம்பெனி வாரண்டி இதற்கு இல்லை. விற்றவர் வாய்ச்சொல்தான் வாரண்டி. பழுதானால் அவர் 'மேலே அனுப்பியிருக்கிறேன்' என்பார், நீங்கள் மாதக்கணக்கில் போன் செய்துகொண்டே இருப்பீர்கள்.

ஆகவே சீல் உடைக்காத பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் நம்பர் சிப்பின் மேல் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று ஃபேன் மாட்டுவதற்கு முன்பே பாருங்கள், மாட்டிவிட்டால் இடையில் தடவும் சூடு கடத்தும் பேஸ்ட்டில் மறைந்துவிடும். அதே நம்பர் ஜிஎஸ்டி பில்லிலும் ஏற வேண்டும். 'பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்றால் வேறு கடை பாருங்கள். பில் இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிடுங்கள்.