கம்பங்களுக்கு நடுவே ஒரே ஓர் இடம்

கேள்வி:

ஐயா, எனது மகனுக்குப் பதினேழு வயது. பாடசாலையில் தரம் 12இல் வர்த்தகப் பிரிவில் படிக்கிறான். மூன்று வருடங்களாகப் பாடசாலை உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளன் அவன்தான். உயரம் ஐந்து அடி எட்டு அங்குலம். கோல் காப்பாளனாகவே தொழில் செய்யப் போகிறேன் என்று சொல்லி, உயர்தரப் பரீட்சை எழுதாமல் நின்றுவிடப் பார்க்கிறான். அவனுக்கு இதில் எதிர்காலம் இருக்கிறதா? கணவர் கடற்றொழில் செய்பவர். பிள்ளை பந்துக்குப் பின்னால் திரிகிறானே என்று அவருக்குக் கோபம். போன மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்து, எட்டு இலட்சம் ரூபா கொடுத்தால் ஐரோப்பாவில் ஒரு கழகத்தின் தெரிவுக்கு இவனை அனுப்பி வைக்கலாம் என்றார். மீள்குடியேறிய பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்த நகை கொஞ்சம் இருக்கிறது. அடகு வைக்கலாமா? இறுதிப்போட்டி ஒன்றில் பந்தைத் தவறவிட்டுத் தோற்ற பிறகு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. லண்டனில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய விலை கூடிய கையுறையும் மூன்று மாதத்தில் வெடித்துவிட்டது. புதியது கேட்கிறான்.

– ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் விதிகளின்படி, பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரை வேறொரு நாட்டுக் கழகம் தன் வீரராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. பெற்றோர் விளையாட்டோடு தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறியிருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அவை பொருந்தா. ஆகவே வந்தவர் காட்டும் கடிதத்தில் எந்தக் கழகத்தின் சின்னம் இருந்தாலும், உங்கள் மகனை இந்த வயதில் அங்கே சேர்க்க வழியில்லை. அடுத்த வருடம் வந்து இதையே சொன்னாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வீரர்களின் முகவராகத் தொழில் செய்ய பீபாவின் உரிமம் வேண்டும், உரிமம் பெற்றவர்களின் பெயர்களை அதன் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். ‘உங்கள் பெயர் அதில் இருக்கிறதா’ என்பது முதலாவது. ஒரு வீரரை விரும்பும் கழகம் அவருக்குத்தானே பணம் கொடுக்கும், நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள், அறிய ஆவலாக இருக்கிறேன்.

இனி மகனுடைய விருப்பத்துக்கு வருகிறேன். நானும் ஒரு காலத்தில் கம்பங்களுக்கு நடுவே நின்றவன், பின்னர் பல வருடங்கள் பிள்ளைகளை நிறுத்திப் பழக்கியவன் என்பதால், இந்த இடத்தின் கணக்கு எனக்குக் கொஞ்சம் தெரியும். களத்தில் பதினொருவர் ஆடினாலும் காப்பாளருக்கு உரிய இடம் ஒன்றுதான். நடுக்கள வீரர் ஒருவர் சோபிக்காவிட்டால் அவரைப் பக்கவாட்டுக்கு நகர்த்தலாம், பின்களத்துக்கு இழுக்கலாம், கடைசி இருபது நிமிடத்துக்கு மாற்று வீரராகவாவது இறக்கலாம்; காப்பாளருக்கு இந்த வசதிகள் எதுவும் கிடையாது. 2022 உலகக் கிண்ணத்துக்கு ஒவ்வொரு நாடும் 26 பேர் வரை கொண்டுபோக முடிந்தது, அவர்களில் குறைந்தது மூவர் காப்பாளர்களாக இருக்க வேண்டியிருந்தது. அந்த மூவரில் இருவர் பெரும்பாலும் ஒரு பந்தையேனும் பிடிக்காமல் ஊர் திரும்புவார்கள். முதலாமவருக்குக் காயம் வரும்வரை அல்லது அவர் பெரிய பிழை விடும்வரை இரண்டாமவர் காத்திருக்க வேண்டும். முதலாமவரோ முப்பத்தைந்து வயது வரை அசையாமல் நிற்கக்கூடியவர்.

ஆர்ஜென்டினாவின் எமிலியானோ மார்டினஸ் பற்றி மகனிடம் கேளுங்கள். 2022 இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்தின் கடைசி நொடிகளில், பிரான்ஸ் வீரர் தனியாக வந்து அடித்த பந்தை இடது காலை நீட்டித் தடுத்தவர் என்று ஒரே மூச்சில் சொல்லுவான். அதற்கு முன் நடந்ததை அவன் சொல்லமாட்டான், நீங்கள் சொல்லுங்கள். மார் டெல் பிளாட்டா என்ற துறைமுக நகரில், வசதி குறைந்த வீட்டில் பிறந்த அந்தப் பையன் 2010இல், உங்கள் மகனுடைய இதே வயதில், இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்துக்குப் போனான். (விதி இருக்க எப்படிப் போனான் என்று அந்த முகவர் கேட்கக்கூடும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பதினாறு வயதிலேயே மாற இடமிருக்கிறது, இங்கிலாந்தும் அப்போது அதில் இருந்தது, முன்னோர் வழியில் ஐரோப்பியக் கடவுச்சீட்டுப் பெறக்கூடிய தென்னமெரிக்கர் பலர். எங்களுக்கு அந்த வாசல் இல்லை.) அதற்குப் பிறகு ஏறத்தாழப் பத்து வருடங்கள் ஒக்ஸ்போர்ட், ஷெஃபீல்ட், ரொதரம், வொல்வர்ஹாம்ப்டன், ஸ்பெயினின் கெட்டாஃபே, ரெடிங் என்று ஆறு கழகங்களுக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டு, சில இடங்களில் அங்கும் மாற்று வீரர்களின் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். 2020இல் ஆர்சனலின் முதற்காப்பாளர் முழங்காலில் காயப்பட்டு வெளியே போனபோதுதான் அவருக்கு வாசல் திறந்தது. அப்போது வயது இருபத்தேழு. ஆர்ஜென்டினாவுக்காக முதல் ஆட்டம் ஆடியது 2021இல்.

மறுபக்கமும் உண்டு. இத்தாலியின் புஃபோன் பதினேழு வயதில், 1995இல், பார்மா கழகத்துக்காக முதன்முதலாக நின்று, 2023இல் நாற்பத்தைந்து வயதில்தான் ஓய்வு பெற்றார். அதே நாட்டின் டினோ சொஃப் 1982இல் அணித் தலைவராக உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது நாற்பது வயதுக்காரர். எகிப்தின் எசாம் எல் ஹதாரி 2018 உலகக் கிண்ணத்தில் நாற்பத்தைந்து வயதில் ஆடி, ஒரு பெனால்டியையும் தடுத்தார். முன்கள வீரர்கள் முப்பத்திரண்டில் தளரும்போது காப்பாளர் அப்போதுதான் முதிர்கிறார். பதினேழு வயதில் அவசரப்பட்டு எதையும் விற்கத் தேவையில்லை என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரத்தைப் பற்றி ஆசை வார்த்தை சொல்லமாட்டேன். குறுக்குக் கம்பம் 2.44 மீற்றர் உயரத்தில், எட்டு அடியில் இருக்கிறது. உங்கள் மகன் அதன் கீழே நின்று கையை முழுதாக உயர்த்தினால் ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி மிஞ்சும். துள்ளினால் தொட்டுவிடுவான், ஆனால் மூலை உதையில் ஆறு பேர் இடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த ஒரு சாண் பெரியது. ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் ஆறு அடிக்கு மேற்பட்டவர்களையே தேடுகின்றன. மெக்சிகோவின் ஜோர்ஜ் காம்போஸ் ஐந்தரை அடியை ஒட்டிய உயரத்தோடு 1994, 1998 உலகக் கிண்ணங்களில் நின்றார் என்பது உண்மைதான், அவரைப் போல இன்னொருவரைத் தேடினால் கிடைப்பது அரிது. குட்டையான காப்பாளருக்குக் கால்தான் துணை. 1992இல் விதி மாறிய பிறகு, தன் அணி வீரர் வேண்டுமென்றே காலால் பின்னுக்குத் தட்டும் பந்தைக் காப்பாளர் கையால் எடுக்கக் கூடாது. 2025இலிருந்து எட்டு வினாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரம் கடத்தும் பழைய காப்பாளர்களின் காலம் முடிந்தது. இரண்டு காலாலும் சரியாகப் பந்து கொடுக்கவும், கோல் கோட்டிலிருந்து முன்னே வந்து ஆபத்தை வாசிக்கவும் தெரிந்தால் உயரக்குறை ஓரளவு மறையும். இங்கே நாங்கள் பழக்குவதெல்லாம் பாய்வது மட்டும்தான் என்பது எங்களுடைய குறை, பிள்ளையினுடையது அல்ல.

இலங்கையில் இதைத் தொழிலாகச் செய்ய முடியுமா? மிகச் சிலருக்கு, அதுவும் அரைகுறையாக. 2021இல் தொழில்முறைத் தொடர் என்ற பெயரோடு சூப்பர் லீக் தொடங்கியது, நிலைக்கவில்லை. 2023 ஜனவரியில் பீபா எங்கள் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. அந்த ஏழு மாதமும் தேசிய அணி வீரர்கள் சர்வதேசப் போட்டி எதுவும் ஆட முடியாமல் இருந்தார்கள். தேசிய அணியின் காப்பாளரும் தலைவருமாக இருந்த சுஜான் பெரேரா மாலைதீவுக் கழகத்துக்கும் போய் ஆடியவர். எங்கள் வீரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் உண்மையான வெளிநாடு அதுதான். மாதச் சம்பளத்தோடு பந்தாட வேண்டுமென்றால் முப்படைகளின் அணிகளும் பொலிஸ் அணியும் இருக்கின்றன. வன்னியில் ஒரு வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பது எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, முடிவை நீங்களும் அவனுமே எடுக்க வேண்டும்.

இதனால்தான் பரீட்சையைக் கைவிட விடாதீர்கள் என்கிறேன், பந்தைக் கைவிடச் சொல்லியும் நெருக்க வேண்டாம். மாலை இரண்டு மணி நேரப் பயிற்சி உயர்தரப் படிப்பைக் கெடுத்ததாக நான் கண்டதில்லை, கைத்தொலைபேசி கெடுத்ததைக் கண்டிருக்கிறேன். படிப்புக்குப் புறம்பான துறைகளில் சிறந்து விளங்குபவர்களுக்கெனப் பல்கலைக்கழகங்களில் விசேட அனுமதி இருக்கிறது, அதற்கும் உயர்தரத்தில் சித்தி வேண்டும். ஆகவே அவனுடைய விளையாட்டுச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் பட்டப்படிப்பாகவே உண்டு. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு, கோல் காப்பாளர்களைப் பழக்குபவர்களுக்கெனத் தனிச் சான்றிதழ்களை வழங்குகிறது. எங்கள் மாவட்டங்களில் அந்தச் சான்றிதழோடு ஒருவர் இருந்தால் பாடசாலைகள் தேடி வரும். இருபத்திரண்டு வயது வரை அவனுக்கு அவகாசம் கொடுங்கள், அதற்குள் கொழும்பின் முன்னணிக் கழகம் ஒன்றின் மூன்றாவது காப்பாளனாகவாவது போய்ச் சேருகிறானா என்று பார்ப்போம்.

அந்த இறுதிப்போட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தரம் 11இல் எனக்கும் ஒன்று நடந்தது. பங்குனி வெயில், கிரவல் நிலம், ஆட்டம் முடிய நான்கு நிமிடம். முப்பது யார் தூரத்திலிருந்து உருண்டு வந்த, சின்னப் பிள்ளையும் பிடிக்கக்கூடிய பந்து. ஒரு முழங்காலை நிலத்தில் குத்தி உடம்பைப் பந்துக்குப் பின்னால் வைக்காமல், நின்ற நிலையிலேயே குனிந்தேன். என் கைக்கு ஓரடி முன்னால் அது ஒரு கல்லில் பட்டு எழும்பி, முழங்கையில் உரசி, கால்களுக்கிடையால் போனது. திரும்பிப் பார்த்தபோது கோட்டைத் தாண்டி மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகும் லொறியில் என் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. பல மாதங்கள் கல்லையே குற்றம் சொல்லித் திரிந்தேன், முழங்காலைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1950 உலகக் கிண்ணத்தில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றபோது காப்பாளர் பார்போசாவின் தலையில் சுமத்தப்பட்ட பழி, அவர் 2000இல் இறக்கும்வரை இறங்கவில்லை. முன்கள வீரர் தவறவிடும் வாய்ப்புகளை யாரும் அப்படி எண்ணி வைப்பதில்லை.

ஆகவே இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் மைதானத்துக்குப் போனானா என்பதைத்தான் நீங்கள் எழுதவில்லை. ‘பரவாயில்லை, விடு’ என்று சொல்லாமல், பந்து எப்படி உள்ளே போனது என்று ஒருநாள் இருத்திக் கேளுங்கள். நிலத்தையும் வெயிலையும் நடுவரையும் சொன்னால் இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும். தன் கால் எங்கே நின்றது என்று காட்டத் தொடங்கினால் இந்த இடத்துக்கு ஏற்றவன். ஆனால் சாப்பாடும் உறக்கமும் வாரக்கணக்கில் குலைந்தால் அது விளையாட்டுக் கவலை அல்ல, மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகத் தயங்க வேண்டாம். அதேபோல் தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். செக் குடியரசின் பெட்ர் செக் 2006இல் எதிரணி வீரரின் முழங்கால் பட்டு மண்டையோடு வெடித்து, அதன் பிறகு தலைக்கவசத்தோடுதான் ஆடினார்.

கணவரிடம் ஓர் உதவி கேட்டுப் பாருங்கள். வள்ளம் கரைக்கு வந்து மீன் இறக்கிய பிறகு, ஈர மணலில் அவனை நிறுத்தி இருபது பந்து வீசச் சொல்லுங்கள், இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து. கிரவலில் பாய்ந்து இடுப்புத் தோல் உரிந்த பிள்ளைகள் பாய்வதற்கே பயப்படுவார்கள், கடற்கரை மணல் அந்தப் பயத்தை எடுத்துவிடும். கோபத்தோடு வீசினாலும் பரவாயில்லை, பந்து வேகமாக வரும்.

கடைசியாகக் கையுறை. உள்ளங்கையில் இருக்கும் இறப்பர் நுரை காய்ந்தால் பிடிக்காது, வெடிக்கும்; அது ஈரப்பதமாக இருக்கும்போதுதான் பந்து ஒட்டும். ஆட்டத்துக்கு முன் கொஞ்சம் நனைக்க வேண்டும், முடிந்ததும் இளஞ்சூட்டு நீரில் புழுதி போகக் கழுவி, நிழலில் காயவிட வேண்டும். நீங்களோ அவனோ அதைத் துவைத்து வேலியில், உச்சி வெயிலில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சித்தப்பாவிடம் இன்னொரு சோடி கேட்பதற்கு முன், பயிற்சிக்கு மலிவான சோடி ஒன்றையும் போட்டிக்கு நல்லதையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.