சிங்கப்பூரில் நான்கு மாலைகள்: அப்பச்சி, ஆத்தாவோடு எங்கே போகலாம்?

கேள்வி: காரைக்குடியிலிருந்து அப்பச்சியையும் ஆத்தாவையும் (அப்பா, அம்மாவை) கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்குப் போகிறேன். வியாழன் முதல் ஞாயிறு வரை மாலைகள் ஓய்வு. கோயில், கச்சேரி, பழம்பொருள் என்றால் இருவருக்கும் பிரியம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி. எப்படித் திட்டமிடலாம்?

பதில்: ஒரு மாலைக்கு ஓர் இடம் போதும். அங்கே ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில்தான் பொழுது சாயும். நேரமும் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அங்கே இரவு ஒன்பது என்றால் ஊரில் ஆறரைதான். முதல் சில நாள் பசியும் தூக்கமும் பிந்தித்தான் வரும். அதனால் காலையில் அவர்களை விரட்டாமல், மாலையை நீட்டுங்கள்.

வியாழன், டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் 1859இல் எழுப்பியது. இப்போதுள்ள கட்டடம் 1983இல் வந்தது. ஃபோர்ட் கேனிங் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து சிறு நடைதான். மாலை நடை திறந்ததும் போய்விடுங்கள். மேற்கூரையில் தெய்வ உருவங்கள் செதுக்கிய 48 கண்ணாடிப் பலகைகள் இருக்கின்றன. உதிக்கும் வெயிலும் சாயும் வெயிலும் பட்டு ஒளிர்வதற்காகவே 45 பாகை சாய்த்துப் பதித்தவை. இருட்டிய பிறகு போனால் அந்த அழகு கிடைக்காது. தைப்பூசத்தை ஒட்டிப் பயணம் அமைந்தால் அதற்கு முந்தின நாளான செட்டிப் பூசத்தைத் தவறவிடாதீர்கள். வெள்ளி ரதம் கியோங் சைக் ரோடு விநாயகர் கோயிலுக்குப் போய், மாலையில் நகரத்தார் காவடிகளோடு டேங்க் ரோட்டுக்குத் திரும்பும்.

வெள்ளி, எஸ்பிளனேட். 2002இல் திறந்த கலையரங்கம்; முள்முள்ளாக இருக்கும் கூரையைப் பார்த்து ஊரார் 'டூரியான்' பழம் என்பார்கள். வார இறுதி மாலைகளில் நுழைவுக்கூடத்திலும் கடலோர மேடையிலும் இலவச நிகழ்ச்சிகள் நடப்பது வழக்கம். நவம்பரில் போனால் 'கலா உத்சவம்' இந்தியக் கலைவிழா. சீட்டு வாங்கி உள்ளே போவதானால் கீழ்த்தளத்தில், நடைபாதையை ஒட்டிய இருக்கையாகக் கேளுங்கள். மாடி இருக்கை விலை குறைவுதான், ஆனால் அந்தப் படிகள் ஆத்தாவுக்கு ஆகாது. கச்சேரி தொடங்கிவிட்டால் இடைவெளி வரும்வரை கதவு திறக்க மாட்டார்கள். அரை மணி முன்பே இருங்கள். ஏசி குளிருக்கு ஒரு சால்வை அவசியம்.

சனி, இந்திய மரபுடைமை நிலையம், கேம்பல் லேன். மாலை ஆறுக்குள் மூடிவிடுவார்கள் என்பதால் மூன்று மணிக்கே நுழையுங்கள். அங்கே நம் செட்டிநாட்டு வாசல் நிலை ஒன்று நிற்கிறது, 19ஆம் நூற்றாண்டு வேலை. ஏறத்தாழ 5,000 நுண்செதுக்கல்கள். ஊரில் அண்ணாந்து பார்த்துக் கடந்துவிடும் நிலையை இங்கே ஒவ்வோர் உருவமாக நின்று பார்க்கலாம். அப்பச்சிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு சிராங்கூன் சாலையில் பலகாரம்.

ஞாயிறு, கரையோரப் பூந்தோட்டம். செயற்கை மரங்களின் ஒளி-இசைக் காட்சி 7.45க்கும் 8.45க்கும், கால் மணி நேரம், இலவசம். மெரினா பே நீர்க்காட்சி எட்டுக்கும் ஒன்பதுக்கும். 7.45 காட்சியைப் பார்த்துவிட்டு எட்டுக்கு ஓடிப் பிடிக்க நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. நிதானமாக நடந்து ஒன்பது மணிக்காட்சிக்குப் போங்கள். எம்ஆர்டி நிலையங்களில் மின்தூக்கி உண்டு.

ரயில் கட்டணத்துக்கு நிலைய வாசலில் வங்கி அட்டையைத் தட்டினாலே போதும். ஆளுக்கொரு அட்டை வேண்டும். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே செயலியில் திறந்துவிடாவிட்டால் கதவு திறக்காது. அட்டை இல்லாதவர்களுக்கு நிலையத்திலேயே ஈஸி-லிங்க் என்ற பயண அட்டை வாங்கலாம்.

ரயிலில் முறுக்கு மட்டுமல்ல, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. அப்பச்சியின் வெற்றிலைப் பெட்டியில் புகையிலை இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை.