வீட்டுப் பட்டறையில் வேகக் கார்: கேள்வி பதில்

நேர்கோட்டில் ஓடி உச்ச வேகத்தை மட்டும் அளக்கிற கார் ஒன்றை நம்ம மலையகத்துப் பட்டறையில் கட்ட முடியுமா என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து, இப்போது ஹட்டனில் பட்டறை வைத்திருக்கிறேன். மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்துக்குக் கார்கள் தயார் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மஸ்கெலியாவிலிருந்து: அண்ணே, கையில் ஒரு பழைய நிசான் சனி (Sunny) கார் என்ஜின் இருக்கு. மணிக்கு 200 கிலோமீற்றர் ஓட அது காணுமா? இல்லை டர்போ போடணுமா?

தம்பி, என்ஜினைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் காற்றைப் பார்ப்போம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையைத் தள்ளத் தேவையான குதிரைவலு எட்டு மடங்காகும். பழைய சனி காரையே 200இல் ஓட்டுவதென்றால், முகப்புப் பரப்பு (நேர் முன்னாலிருந்து பார்த்தால் தெரிகிற அளவு) 1.8 சதுர மீற்றர், தடைக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கும் என்கிற எண்) 0.4 என்று வைத்தால், சில்லில் 105 குதிரைவலு அளவு வேண்டும். அதே என்ஜினை ஆள் படுத்து ஓட்டுகிற ஒடுக்கமான உடலுக்குள் வையுங்கள். பரப்பு 0.6, குணகம் 0.2, எடை 500 கிலோ. இப்போது கணக்கில் 22 குதிரைவலுதான் வருகிறது. கியரில், செயினில் போவதையும் சேர்த்து 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் என்ஜின் தாராளமாகக் காணும். டர்போவுக்கு வைத்திருக்கும் காசை டயருக்கும், கார் புரண்டால் ஓட்டுநரைக் காக்கிற குழாய்க் கூண்டுக்கும் செலவழியுங்கள்.

பெரியவர்கள் செய்ததும் இதுதான். 1965இல் அமெரிக்காவின் சம்மர்ஸ் சகோதரர்கள் 'கோல்டன்ராட்' காரில் மணிக்கு 409.277 மைல் ஓடினார்கள், அதாவது 658 கிலோமீற்றருக்கு மேல். அதில் நான்கு கிரைஸ்லர் என்ஜின்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் கார் அகன்றிருக்கும். அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்து, ஓட்டுநரை அவற்றுக்கும் பின்னால் உட்காரவைத்தார்கள். அந்தக் காரைக் கட்டிய இடம் கலிபோர்னியாவில் ஒரு பழைய மரக்கறிக் கடைக் கொட்டகை. நுவரெலியாப் பக்கம் அப்படி எத்தனை கொட்டகை சும்மா கிடக்கிறது!

பண்டாரவளையிலிருந்து: சேர், முகப்புப் பரப்பை எப்படி அளப்பது? எனக்கு உயரம் 6 அடி. நான் உள்ளே போவேனா?

போகலாம். உட்காருவதை மறந்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். தரையில் ஒரு பாயை விரித்து, முதுகுக்குப் பலகை சாய்த்து, தலையை மட்டும் நிமிர்த்தி முன்னால் பார்க்கிற அளவுக்குச் சாயுங்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள், ஏனென்றால் காரின் உயரத்தைத் தீர்மானிப்பது அதுதான். அப்புறம் பின்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, பக்கத்தில் ஒரு மீற்றர் கோலை நிறுத்தி, நண்பர் ஒருவரை 30 மீற்றர் தள்ளி நின்று போனில் சூம் செய்து நேர் முன்னாலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். கிட்டே நின்று எடுத்தால் பாதம் பெரிதாகவும் தலை சிறிதாகவும் விழும், அளவு பிழைக்கும். படத்தின் மேல் கட்டம் போட்டு எண்ணினால் பரப்பு வந்துவிடும். தோளின் அகலம்தான் பெரும்பாலும் தொல்லை தரும். கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து பிடிக்கிற மாதிரி ஸ்டீயரிங்கை வைத்தால் இரண்டு பக்கமும் சில அங்குலம் மிச்சமாகும்.

தலவாக்கலையிலிருந்து: உடலுக்கு எண்ணெய் பீப்பாய்த் தகரம் பாவிக்கலாமா அண்ணே?

பாவிக்கலாம். இந்த விளையாட்டே அப்படி வளர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போர் விமானங்களின் மேலதிக எரிபொருள் தாங்கிகள் மலிவாகக் கிடைத்தன. 1946இல் பில் பர்க் அப்படி ஒரு தாங்கிக்குள் என்ஜினை வைத்துக் காராக்கினார். மழைத்துளி மாதிரி முன்னால் உருண்டு பின்னால் மெலிந்த வடிவம் அது. உங்கள் பீப்பாயில் கவனிக்க வேண்டியது வால்தான். எல்லாரும் மூக்கைக் கூராக்கப் பார்க்கிறார்கள். 200 கிலோமீற்றரில் மூக்கு உருண்டையாக இருந்தால் போதும், பின்பக்கம் மெதுவாக, நீளமாக ஒடுங்க வேண்டும். வெட்டிவிட்ட மாதிரி முடிந்தால் காற்று அங்கே சுழன்று காரைப் பின்னுக்கு இழுக்கும்.

அதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நுவரெலியா ஸ்வெட்டர் கடையில் கம்பளி நூல் வாங்கி, விரல் நீளத்துக்கு வெட்டி, உடல் முழுக்க டேப்பால் ஒட்டுங்கள். மூடிய இடத்தில் 60, 70இல் ஓட்டி, பக்கத்தில் வருகிற வண்டியிலிருந்து வீடியோ எடுங்கள். நூல் படுத்துக் கிடக்கிற இடம் சரி. துள்ளி முன்னுக்கும் பின்னுக்கும் அடிக்கிற இடத்தைத் திருத்த வேண்டும்.

நானுஓயாவிலிருந்து: நம்ம ஊரில் காற்று மெலிசு. அது வேகக் காருக்கு நல்லதா, கெட்டதா?

அருமையான கேள்வி. நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரம். கடலோரத்தோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. தடையும் அந்த அளவு குறையும், ஆனால் டர்போ இல்லாத என்ஜினின் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். லாபமும் நட்டமும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிற பொன்வில் உப்புவெளி, உலகமே ஓடப் போகிற இடம், ஏறத்தாழ 1,285 மீற்றர் உயரம். நம்ம ஹட்டன் உயரம்தான். அதனால் ஹட்டனில் என்ஜினைத் தட்டிச் சரிசெய்து பழகியவனுக்கு அந்த வேலை புதிதாக இருக்காது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கார்பரேட்டரை இங்கே மலையில் சரிசெய்துவிட்டு, காரை லொறியில் ஏற்றிக் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள். கீழே காற்று அடர்த்தி. அதே ஜெட் (கார்பரேட்டரில் பெற்றோல் வருகிற துளை), அதே பெற்றோல், காற்று மட்டும் கூட. கலவை வறண்டுபோகும், பிஸ்டனில் ஓட்டை விழும். மலையில் தட்டாமல் ஓடிய 92 ஒக்டேன் பெற்றோல் கீழே தட்டத் தொடங்கும், அதாவது என்ஜினுக்குள் கண்டபடி வெடித்துச் சத்தம் போடும். ஆகவே கீழே போனால் பெரிய ஜெட்டில் தொடங்கி இறங்கி வாருங்கள். முழு வேகத்தில் இருக்கும்போதே கிளட்சை மிதித்து, அதே நொடியில் இக்னிஷனை நிறுத்தி, உருண்டு நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சீனாப் பீங்கான் இளம் கபிலமாக இருந்தால் சரி. சுண்ணாம்பாக வெளுத்து, சின்னச் சின்ன வெள்ளிப் புள்ளி தெரிந்தால் அலுமினியம் உருகத் தொடங்கிவிட்டது, அன்றைக்கு அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

ராகலையிலிருந்து: ரேடியேட்டரை எங்கே வைப்பது? மூக்கில் ஓட்டை போட்டால் காற்று பிடிக்குமே?

ரேடியேட்டரே வேண்டாம். ஓட்டம் ஒன்றிரண்டு நிமிடம்தான். 40 லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்றை உள்ளே வைத்துச் சுற்றவிட்டால், 40 குதிரைவலு என்ஜினுக்கு நிமிடத்துக்குப் பத்துப் பாகை அளவே சூடேறும். உப்புவெளியில் பலர் அதில் ஐஸ் போடுகிறார்கள். எடை கூடுமே என்று பயப்பட வேண்டாம், நேரே ஓடுகிற காருக்கு எடை பெரிய எதிரி இல்லை. வழுக்குகிற உப்பில் சில்லுக்குப் பிடிமானம் வர ஈயம்கூட ஏற்றுவார்கள்.

கினிகத்தேனையிலிருந்து: கூண்டுக்குத் தண்ணீர்க் குழாய் போதும் என்கிறார் எங்கள் வெல்டிங் பாஸ். நல்ல தடிப்பாகத்தான் இருக்கு.

போதாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை. ஜிஐ குழாய் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. அடிபட்டால் தையல் ஓரமாகப் பிளக்கும். துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டிங் செய்தால் பற்று கெடும், அந்தப் புகையில் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சலும் வரும். பந்தயக் கூண்டுக்கென்று விற்கிற எஃகுக் குழாயை, எந்த ரகம் என்று எழுத்தில் தருகிறவரிடம் வாங்குங்கள். வளைக்கும்போது மணல் அடைத்துச் சூடாக்கி வளைக்காதீர்கள், குழாய் நசுங்காமல் உள்ளே தண்டு வைத்து வளைக்கிற மண்ட்ரல் வளைப்பான் உள்ள இடத்தைத் தேடுங்கள். ஓட்டுநரின் தலைக்கும் குழாய்க்கும் நடுவே கடினப் பஞ்சு, ஐந்து அல்லது ஆறு முனை இருக்கைப் பட்டி, கை வெளியே பறக்காமல் கைக்கட்டு, தீயணைப்பான். இவ்வளவும் பூட்டிய பின், கண்ணைக் கட்டிக்கொண்டு யார் உதவியும் இல்லாமல் வெளியே வரப் பழகுங்கள். வர முடியவில்லை என்றால் கூண்டை வெட்டி மாற்றுங்கள்.

ஹாலிஎலவிலிருந்து: ரீட்ரெட் டயர் போடலாமா?

கூடாது. 200இல் ஓடுகிற டயரின் ஓரத்தில் இழுவிசை புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்கு. பத்துக் கிராம் ரப்பர்த் துண்டு பத்துக் கிலோவாக இழுக்கும். ஒட்டிய ரப்பர் அங்கே நிற்காது. பக்கச் சுவரில் இருக்கிற எழுத்தைப் பாருங்கள்: எஸ் என்றால் 180, எச் என்றால் 210, வி என்றால் 240 கிலோமீற்றர். உங்கள் இலக்குக்கு மேலே ஒரு படி வாங்குங்கள். உற்பத்தி செய்த கிழமையும் ஆண்டும் நான்கு இலக்கத்தில் அச்சாகியிருக்கும், அதையும் பாருங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து: அண்ணா, பெண்கள் இதில் ஓட்டியிருக்கிறார்களா? நான் இயந்திரவியல் படிக்கிறேன்.

ஓட்டியிருக்கிறார்கள் தங்கச்சி, மிக வேகமாக. 1976இல் கிட்டி ஓ'நீல், காது கேட்காதவர், ஒரிகன் மாநிலத்து அல்வோர்ட் பாலைவனத்தில் மணிக்கு 512.710 மைல் ஓடினார். 2019 ஆகஸ்டில் ஜெஸ்ஸி கோம்ப்ஸ் அதே இடத்தில் இரண்டு ஓட்டங்களின் சராசரியாக 522.783 மைல் எடுத்தார், அதில் இரண்டாவது ஓட்டத்தில் உயிரையும் இழந்தார். முன் சில்லு சிதைந்ததுதான் காரணம், தரையில் கிடந்த ஏதோ ஒன்றில் மோதியிருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். இயந்திரவியல் படிக்கிற நீங்கள் இதை மனதில் வையுங்கள்: ஓடும் முன் எல்லாரும் தோளோடு தோள் வரிசையாக நின்று, பாதை முழுவதையும் நடந்து, ஒரு ஆணிகூட விடாமல் பொறுக்க வேண்டும். உங்கள் குழுவில் அந்த வேலைக்கு நீங்களே பொறுப்பெடுத்தால் நன்றாக இருக்கும்.

பொகவந்தலாவையிலிருந்து: எல்லாம் சரி, எங்கே ஓட்டுவது? விடிய நாலு மணிக்கு ரோடு வெறிச்சென்று இருக்குமே.

ரோட்டில் ஓட்டினால் என்னிடம் வரவே வேண்டாம், தம்பி. விடிய நாலு மணிக்கு ரோட்டில் பால்காரர் இருப்பார், மாடு இருக்கும், வேலைக்குக் கிளம்பிய அம்மா இருப்பார். கார்களுக்கு ஊருக்கு வெளியே சட்ட எல்லை 70. தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் 2024 ஏப்ரலில் தடம் விட்டு விலகிய கார் ஏழு பேரைக் கொன்றது, அதில் எட்டு வயதுப் பிள்ளையும் ஒன்று. அது அனுமதியோடு, ஏற்பாட்டோடு நடந்த பந்தயம்.

200 எடுக்க ஒன்றரைக் கிலோமீற்றர், அளக்கக் கொஞ்சம், மெதுவாக நிற்க அரைக் கிலோமீற்றருக்கு மேல், பிரேக் பிடிக்காவிட்டால் உருள இன்னும் கொஞ்சம். மூன்று கிலோமீற்றர் நேர்ப்பாதை, இருபுறமும் வெறுமை. மலையகத்தில் அப்படி இடம் கிடையாது. அனுமதி பெற்று மூடிய விமான ஓடுபாதை ஒன்றுதான் நாட்டுக்குள் வழி, அதுவும் மோட்டார் விளையாட்டுச் சங்கம் வழியாகக் கேட்டால்தான். அது கிடைக்கும் வரை இதே கூண்டோடும் பட்டியோடும் மலையேற்றத்துக்கு ஒரு கார் கட்டுங்கள். மஹகஸ்தொட்ட 1934இல் தொடங்கிய பந்தயம், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெல்டிங், பிரேக், ஜெட் எல்லாம் அதில் கைக்கு வரும்.

கந்தப்பளையிலிருந்து: கியர் கணக்கு புரியவில்லை. அத்தோடு, நாங்கள் நாலு பேர், முதலில் என்ன வாங்குவது?

24 அங்குல விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் 1.9 மீற்றர் போகும். நேர் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று, டிபரென்சியல் 4.1 (சில்லு ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் 4.1 சுற்று) என்றால் மணிக்கு 168 கிலோமீற்றரோடு முடிந்துவிடும். டிபரென்சியலை 3.3 ஆக்கினால் 209. பலம் இருந்தும் பலருக்கு வேகம் வராதது இதனால்தான். பழைய இரும்புக் கடையில் டிபரென்சியல் வாங்கும்போது பல்லை எண்ணிப் பார்த்து வாங்குங்கள், உள்ளே இருக்கிற பெரிய பற்சக்கரத்தின் பல்லைச் சின்னதன் பல்லால் வகுத்தால் விடை வரும்.

இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். நாலு பேரில் மிகச் சிறியவரைப் பாயில் படுக்கவைத்து, நான் மேலே சொன்ன மாதிரிப் படம் எடுங்கள். தோள் அகலம், தலைக்கவசத்தின் உயரம், பாதத்திலிருந்து தலை வரை நீளம், மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கூண்டின் வரைபடத்தை அதிலிருந்து தொடங்கித் தருகிறேன்.