முதலில் கிளீனர், அப்புறம்தான் ஓனர்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஃபுட் டெக்னாலஜி முடித்து, பெங்களூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மூன்று வருடமாக வேலை பார்க்கும் உங்கள் பெண், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து மைக்ரோ ப்ரூவரி திறக்கப் போகிறேன் என்கிறாள். வீட்டுப் பத்திரத்தை வைத்து அறுபது லட்சம் கேட்கிறாள். பணத்தைப் பற்றி நீங்கள் எழுதியது நான்கே வரி. "நாமக்கல்லில் லாரி வைத்துப் பிழைத்தவன் மகள் சாராயம் காய்ச்சுகிறாளா என்று கேட்பார்களே" என்பது இரண்டு பக்கம். நான் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். ஊர்ப் பேச்சைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் அவள் என்ன சொல்கிறாள் என்று புரிந்துகொள்ளுங்கள். மைக்ரோ ப்ரூவரி என்றால் பாட்டில் லோடு ஏற்றி அனுப்பும் பெரிய ஆலை இல்லை. உள்ளேயே சின்ன அளவில் பீர் காய்ச்சி, அங்கேயே டம்ளரில் ஊற்றிக் கொடுக்கும் ஓட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புனேயில் டூலாலி என்ற மைக்ரோ ப்ரூவரி 2009-இல் ஆரம்பித்தது. 2010 முதல் பெங்களூரில் இந்திராநகர் டாய்ட், மெக்ராத் ரோடு ஆர்பர் என்று ஒவ்வொன்றாக வந்தன. சென்னையிலோ கோவையிலோ செய்யக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. இந்தத் தொழில் வேர் பிடித்ததெல்லாம் பெங்களூரு, புனே, குருகிராம், ஹைதராபாத் பக்கம்தான். ஊர் விஷயத்தில் உங்கள் பெண் கணக்கு சரி.

கணக்கு தப்புவது பணத்தில். கர்நாடகத்தில் மைக்ரோ ப்ரூவரி உரிமம் தனியாக நிற்காது. மது பரிமாறும் ஓட்டல் அல்லது பார் உரிமம் ஒன்றோடு சேர்ந்துதான் வரும். அந்த பார் உரிமத்துக்கு சிஎல்-9 என்று பெயர். 1992-இல் அரசு புதிதாகக் கொடுப்பதை நிறுத்தியது. அதனால் பழைய உரிமங்களுக்கே ஒரு சந்தை விலை உண்டாகிவிட்டது. உங்களுக்குத் தெரியாததா? பர்மிட் கிடைக்காத ரூட்டில் பர்மிட் உள்ள வண்டிக்கு என்ன விலை சொல்வார்கள்? அதே கதைதான்.

அதற்கு மேல் பெரிய இடம், அந்த வட்டாரத்து வாடகை, அட்வான்ஸ், ஸ்டீல் டேங்க், சில்லர், ஆர்ஓ பிளான்ட், சமையல்கட்டு, ஆள் சம்பளம் எல்லாம் இருக்கின்றன. இது கோடிகளில் போகிற தொழில். உங்கள் அறுபது லட்சத்தை வைத்துக்கொண்டு போனால் அவள் முதலாளி ஆக மாட்டாள். யாரோ ஒரு பெரிய முதலீட்டாளருக்குக் கீழே ஓரமாக உட்காரும் பங்குதாரர் ஆவாள். அப்புறம் நஷ்டம் வந்தால் முதலில் கரைவது உங்கள் வீடு.

இன்னொன்று. டீசல் போலவே மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. டேங்க், பைப், சில்லர் வாங்கும்போது கட்டுகிற ஜிஎஸ்டியை பீர் விற்பனையில் கழித்துக்கொள்ள முடியாது. அது செலவோடு செலவாகப் போய்விடும். அரசு மானியக் கடன் கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறாள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மது தயாரிப்பும், மது பரிமாறும் ஓட்டலும் விலக்கப்பட்ட பட்டியலிலேயே இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் படிக்காமல் பிசினஸ் பிளான் எழுதிய நண்பர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

சட்டம் ஒரு நாளில் திரும்பும் தொழில் இது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 ஜூலையில் எம்.ஜி. ரோட்டிலும் இந்திராநகரிலும் பல பார்கள் ஷட்டரை இறக்கின. சில வாரங்கள் கழித்து நகரச் சாலைகளுக்கு விலக்கு வந்தது, சரி. ஆனால் அந்த வாரங்களுக்கு வாடகையை யார் கட்டுவது? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது டேங்கில் இருந்த பீரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டியதாயிற்று. பாட்டிலில் அடைக்காத, பாஸ்டரைஸ் செய்யாத பீர் அது, காத்திருக்காது. 2024 கோடையில் பெங்களூரு குடிதண்ணீருக்கே அலைந்தது. ஒரு லிட்டர் பீருக்குப் பல லிட்டர் தண்ணீர் செலவாகும், அதில் பெரும்பகுதி கழுவுவதற்கே போகும். தேர்தல் வந்தால் ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் கடை மூடல். இதையெல்லாம் பிளானில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள் என்று கேளுங்கள்.

இவ்வளவு படித்ததும் "அப்போ வேண்டாம் என்கிறீர்கள்" என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. கடை வைக்க வேண்டாம் என்கிறேன். தொழிலுக்குப் போகட்டும் என்கிறேன்.

நீங்கள் எடுத்தவுடனே வண்டி வாங்கினீர்களா? கிளீனராக ஏறினேன், ஏழு வருடம் கழித்துத்தான் சொந்த வண்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பீர் காய்ச்சுகிற ப்ரூவர் வேலையும் அப்படித்தான். முதல் வருடம் நிஜமாகவே கிளீனர் வேலை. இருபத்தைந்து கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மூட்டையைத் தூக்கி மில்லில் கொட்ட வேண்டும். அரைத்த மால்ட்டைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மாவுச்சத்து சர்க்கரையானதும் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டு, சட்டென்று குளிரவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும். மிஞ்சும் சக்கையை மாட்டுத் தீவனத்துக்குக் கொண்டுபோவார்கள். அப்புறம் காஸ்டிக் சோடா ஓட்டி டேங்க் கழுவுவது, பைப் கழுவுவது, தரை கழுவுவது. ஏல் வகை பீர் இரண்டு மூன்று வாரத்தில் தயாராகும். குளிரில் மெதுவாகப் புளிக்கும் லாகர் வகை என்றால் ஒரு மாதத்துக்கு மேலும் டேங்கை அடைத்துக்கொள்ளும். டேங்க் காலியானால்தான் அடுத்த பீர், அடுத்த வருமானம். எந்த டேங்கில் எதை எப்போது போடுவது என்ற அந்தத் தலைவலியை அடுத்தவர் பணத்தில் கற்றுக்கொள்வது நல்லதில்லையா?

பிஸ்கட் கம்பெனியில் அவள் கற்றது வீணாகாது. கிருமி எண்ணிக்கை, பதிவேடு, துப்புரவு முறை எல்லாம் இங்கே அப்படியே வேண்டியவை. ஏதாவது மைக்ரோ ப்ரூவரியில் உதவி ப்ரூவராகச் சேரட்டும். சம்பளம் இப்போதையதைவிடக் குறையலாம், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வேலையை விடாமலே பிரிட்டனின் சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ப்ரூவர்ஸ் அண்ட் டிஸ்டில்லர்ஸ் (முன்பு இன்ஸ்டிட்யூட் ஆஃப் ப்ரூயிங் அண்ட் டிஸ்டில்லிங்) நடத்தும் பொதுச் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். நான் முதலில் அதைத்தான் சொல்வேன். மேலே படிக்க ஆசை என்றால் புனே வசந்ததாதா சர்க்கரை ஆய்வு நிறுவனத்தில் ஒயின், ப்ரூயிங், ஆல்கஹால் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்சி. இருக்கிறது. வெளிநாடு என்றால் பெர்லினில் 1883-இல் தொடங்கிய விஎல்பி, மியூனிக் அருகே டூமென்ஸ் என்ற ப்ரூயிங் பயிற்சி நிறுவனங்கள், எடின்பரோ ஹேரியட்-வாட் பல்கலைக்கழகம். ஆனால் ஒரு வருடமாவது டேங்க் கழுவிய பிறகு போகட்டும். பிடிக்காமல் போனால் அந்தச் செலவாவது மிச்சம்.

அவசரமான ஒரு விஷயம். ஃப்ளாட்டில் இருபது லிட்டர் காய்ச்சி நண்பர்களுக்குக் கொடுத்ததாகப் போட்டோ அனுப்பியிருக்கிறாளே, அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1965-ஆம் வருட கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டப்படி குற்றம். நாளைக்கு அவள் பெயரில் உரிமம் கேட்கப் போகும்போது இந்த மாதிரி ஒரு வழக்கு குறுக்கே நிற்கக் கூடாது.

சரி, ஊர்ப் பேச்சு. சாராயம் இல்லை, பீர் என்று வார்த்தையில் சமாளிக்கப் போவதில்லை. அது மதுதான். வரன் தேடும்போது சிலர் முகம் சுளிப்பார்கள், அதையும் மறைக்க மாட்டேன். "ஃபுட் டெக்னாலஜி வேலை" என்று மூடி மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ப்ரூவர் தினமும் ருசி பார்க்க வேண்டும், அது வேலையின் பகுதி. சுற்றிலும் குடி இருக்கும் இடத்தில் பல வருடம் நிற்பது எல்லோருக்கும் ஒத்துவராது. உங்கள் தம்பி குடியால் போனதை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அதைப் பற்றி மகளிடம் பேசியிருக்கிறீர்களா? திட்டுவதற்கு இல்லை. ருசி பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ள முடிகிறதா, இல்லையா என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் தயங்கினால் என் பதிலும் மாறும்.

பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள். நான்கைந்து வருடம் வேலை பார்த்து, நம்பி ஒரு பேட்ச் ஒப்படைக்கும் அளவுக்கு வந்தபின் அவளே முதலீட்டாளர்களைத் தேடட்டும். அப்போது உங்கள் பணம் சின்னப் பங்காகப் போகலாம்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபின் ஒருமுறை பெங்களூர் போய்வாருங்கள். சனிக்கிழமை ராத்திரி வேண்டாம், பாட்டும் கூட்டமும் பார்த்துப் பயந்துவிடுவீர்கள். செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள். நீராவியும் வேகும் தானிய வாசனையுமாக இருக்கும், மகள் குழாயைப் பிடித்துத் தரை கழுவிக்கொண்டிருப்பாள். தரை வழுக்கும். போகும்போது நல்ல ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போங்கள்.