நாற்பது தாங்கிகள்: வார்ப்பதா, வளைப்பதா, அச்சடிப்பதா?

கேள்வி: ஃபைபர் வள்ளங்களின் அணியத்தில் (முன்முனையில்) நங்கூரக் கயிறு ஓடும் ரோலருக்கு 40 தாங்கிகள் செய்விக்க வேண்டும். ‘ப’ வடிவம். வெளி அளவில் அடி 80 மி.மீ., கால்கள் 70 மி.மீ., அகலம் 60 மி.மீ. ஒரு பட்டறை அலுமினிய வார்ப்புத்தான் மலிவு என்கிறது. இன்னொன்று ஸ்டெயின்லெஸ் தகட்டை வளைத்துத் தரலாம் என்கிறது. மூன்றாவது இடத்தில் டை (உருக்கொடுக்கும் இரும்பு அச்சு) செய்து, தகட்டை அதில் அழுத்தி அச்சடிக்கச் சொல்கிறார்கள். எதற்குக் காசு கொடுப்பது? (உப்புவெளி வாசகர்)

பதில்: தகட்டை வளைப்பதுதான் உங்களுக்குச் சரி.

டையை முதலில் தள்ளிவிடுங்கள். பேச்சுக்கு டை செலவு 120,000 ரூபா என்று வைத்தால், 40 துண்டுக்குப் பிரிக்கையில் ஒன்றின் தலையில் 3,000 ரூபா ஏறும். 2,000 துண்டென்றால் வெறும் 60 ரூபா. அது ஆயிரக்கணக்கில் செய்பவர்களுக்கான வழி.

வார்ப்புக்கு மரத்தில் ஒரு மாதிரி செய்தால் போதும், ஆகவே மலிவு உண்மைதான். ஆனால் வாடைக் காற்றுக் காலத்தில் நங்கூரக் கயிறு வெட்டி வெட்டி இழுக்கும். மணல் வார்ப்பில் உள்ளே காற்றுக் குமிழி நின்றால் அந்த இடத்திலேயே கால் முறியும், வளைந்து எச்சரிக்காது. உருக்குவது பழைய பிஸ்டன், எஞ்சின் துண்டுகள் என்றால் அதிலுள்ள செம்பு உப்புநீரில் அரிப்பைக் கூட்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு சேர்த்துப் பூட்டினால் அலுமினியம் இன்னும் வேகமாகத் தின்னப்படும். பம்பின் உடல் போன்ற, உள்ளே குழிவான தடித்த உருவங்களுக்கு வார்ப்பைத் தேடுங்கள்.

5 மி.மீ. தடிப்பில், உப்புநீரைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் வகையான 316எல் தகடு எடுங்கள். மடிப்பின் உள் வளைவு ஆரம் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது; கூர்மையாக மடித்தால் வெளிப்பக்கம் வெடிக்கும். வெட்டும் நீளத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். 80, 70, 70 என்று கூட்டி 220 வெட்டினால் துண்டு நீண்டுவிடும். மடிப்பு ஒவ்வொன்றுக்கும் சுமார் 9 மி.மீ. கழிந்து 202 வரும். ஒரு துண்டு ஏறக்குறைய 485 கிராம், 40க்கு 19.4 கிலோ. வெட்டுச் சேதத்தையும் கேட்டுக் கணக்கில் சேருங்கள். பட்டறைக்காரர் சொல்லும் எடை இதைவிட மிகவும் கூடினால் காரணம் கேளுங்கள்.

ஸ்டெயின்லெஸ் மடித்து விட்டதும் 2, 3 பாகை திரும்பி விரியும். அதற்கேற்பக் கூடுதலாக மடிக்க வேண்டும். காஸ் சுடரில் சிவக்கச் சுட்டு மடிக்க விடாதீர்கள், துருப்பிடிக்காத தன்மை அங்கே கெடும். 60 மி.மீ. அகலத்துக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை, 20 தொன் ஹைட்ரோலிக் பிரஸ் தாராளம். உங்கள் கால் அடியைவிடக் குட்டையாக இருப்பதும் நல்லது. நீண்டிருந்தால் இரண்டாம் மடிப்பில் முதல் கால் பிரஸ்ஸின் மேல் அலகில் இடிக்கும்.

ரோலர் அச்சுக்கான துளைகளை மடிப்பதற்கு முன்பே முழு அளவில் போட்டால் இரண்டும் நேருக்கு நேர் வராது, ரோலர் சாய்ந்து கயிற்றை உரசும். 1 மி.மீ. சிறிதாக வெட்டி, மடித்தபின் இரு கால்களையும் ஊடுருவி ஒரே தடவையில் துளைக்கச் சொல்லுங்கள். வள்ளத்தோடு பூட்ட அடியில் போடும் துளையின் விளிம்பு காலின் உட்பக்கத்திலிருந்து 18 மி.மீ.யாவது தள்ளி நிற்கட்டும். கிட்ட வந்தால் மடிக்கையில் துளை நீள்வட்டமாகும்.

முதலில் ஒன்று மட்டும் செய்வித்து, காசு கொடுத்து, வள்ளத்தில் ரோலரோடு பூட்டிப் பாருங்கள். மற்ற 39 அதன் பிறகு. அளவு, தகட்டின் தரம், கோணத்தில் ஒரு பாகைக்கு மேல் பிசகினால் திருப்பி எடுக்க வேண்டும் என்பது, எல்லாம் பில்லிலேயே எழுதப்படட்டும்.

கேள்வி: தகடு 316தான் என்று எப்படி அறிவது? காந்தம் வைத்துப் பார்க்கலாமா?

பதில்: முடியாது. 304, 316 இரண்டிலும் காந்தம் பெரிதாக ஒட்டாது, இரண்டும் மடித்த இடத்தில் இலேசாக இழுக்கும். வித்தியாசம் மொலிப்டினம் என்ற உலோகம்: 316இல் 2 முதல் 3 சதவீதம் உண்டு, 304இல் அது சேர்க்கப்படுவதில்லை. ஆலைச் சான்றிதழைக் கேட்டு, அதிலுள்ள உருக்கு எண் (ஒரே தடவையில் உருக்கிய தொகுதிக்கு ஆலை இடும் எண்) தகட்டில் அச்சிட்ட எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். மொலிப்டினம் காட்டும் சோதனைத் திரவமும் உண்டு. ஒரு துளி போதும். போல்ட்டில் இது எளிது: தலையில் ‘ஏ4’ என்றிருந்தால் 316 வகை, ‘ஏ2’ என்றிருந்தால் 304 வகை.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஏணியில் வெல்டிங் செய்த இடங்கள் மட்டும் செந்நிறமாகின்றன. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: தகடு நல்லதாகவே இருக்கலாம். வெல்டிங் சூட்டில் படிந்த நீல, பழுப்பு நிறத்தை அகற்றாமல் விட்டாலும், சாதாரண இரும்பைத் தேய்த்த கிரைண்டர் டிஸ்க்கையே இதற்கும் பாவித்தாலும் இப்படி வரும். பட்டறையில் பிக்ளிங் பசை (அந்த நிறத்தை அகற்றும் அமிலப் பசை) பூசி, டப்பாவில் எழுதிய நேரம் விட்டு, நல்ல தண்ணீரில் கழுவித் தரச் சொல்லுங்கள். அதிலிருப்பது கடும் அமிலம், தோலில் பட்டால் ஆழமாக அரிக்கும். வீட்டில் வெறுங்கையால் முயல வேண்டாம்.