மலிவாக வந்த துவக்கும் காசு கேட்கும் காற்றும்

கேள்வி: ஐயா, சித்தப்பா விட்டுச் சென்ற எயார் ரைபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. 12 கிராம் காபனீரொக்சைட்டுக் குப்பி இரண்டு போட்டுச் சுடும் வகை. குப்பி கிடைப்பது பெரும்பாடு. டைவிங் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைக்கும் காற்றுக்கு மாற்றினால் செலவும் இல்லை, அடியும் பலம் என்று மகன் வீடியோ காட்டுகிறான். திருகோணமலை டவுனில் ஒரு லேத் பட்டறைக்காரர் மூடி கடைந்து தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: கொடுக்காதீர்கள். இந்த வகைத் துவக்கைக் காற்றுக்கு மாற்றலாம், பலர் மாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் பட்டறைக்காரர் சொல்லும் வழி அதுவல்ல.

காபனீரொக்சைட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குப்பிக்குள் திரவமாக இருக்கும்வரை அழுத்தத்தைத் தானே ஓரளவில் நிறுத்திக்கொள்ளும். 20 பாகை செல்சியஸில் 57 பார், 30 பாகையில் 72 பார். 31 பாகையைத் தாண்டினால் திரவம் என்ற பேச்சே இல்லை, அழுத்தம் விறுவிறென்று ஏறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊர் வெயிலில் துவக்கை வைத்துவிட்டு எடுத்தால் முதல் வெடி ஒரு மாதிரி, ஐந்தாவது வெடி வேறு மாதிரி இருப்பது இதனால்தான். காற்றுக்கு மாற்ற ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று நானே ஒத்துக்கொள்கிறேன்.

சிக்கல் குழாயில். இந்த மலிவுத் துவக்குகளின் குழாயும் மூடியும் காபனீரொக்சைட்டின் அழுத்தத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. குழாயின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 60 பாரில் மூடியை வெளியே தள்ளும் விசை சுமார் 173 கிலோ, அதாவது மூன்றரை மூட்டை சீமெந்து. 200 பாரில் 578 கிலோ; பதினொன்றரை மூட்டை. இப்படி மாற்றிய ஒரு துவக்கை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மூடியைப் பிடித்திருந்தவை மூன்று சின்னத் திருகாணிகள். அவற்றின் துளைகள் வட்டமாக இல்லை, முட்டை வடிவில் இழுபட்டிருந்தன. வைத்திருந்தவர் “ஒன்றும் ஆகவில்லையே” என்றார். ஆகும் நாளில் அந்த மூடி பிய்த்துக்கொண்டுதான் பறக்கும் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடி பலம் என்பதும் பாதிக் கதை. உள்ளே அழுத்தம் கூடக் கூட வால்வை மூடிப் பிடிக்கும் விசையும் கூடும். 60 பாருக்கு அளவெடுத்த சுத்தியலும் சுருளும் 200 பாரில் வால்வைச் சரியாகத் தட்டித் திறக்காது. நிறைய அடைத்த துவக்கு முதலில் மந்தமாகச் சுடும், அழுத்தம் இறங்கியதும் வேகம் பிடிக்கும், பிறகு மறுபடி விழும். கிராஸ்மன் நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பெஞ்சமின் டிஸ்கவரி, காற்று, காபனீரொக்சைட்டு இரண்டிலும் ஓடுவதற்கென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதற்கே 2000 பி.எஸ்.ஐ., ஏறக்குறைய 138 பார்தான் உச்சம். லேத்தில் கடைந்த மூடிக்கு 200 எதற்கு?

சரி, பிறகு எப்படித்தான் மாற்றுவது? சாயக் குண்டு சுட்டு விளையாடும் பெயின்ட்போல் விளையாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் சின்னக் காற்றுப் போத்தல் இருக்கிறதே, அதுதான் வழி. 13 கன அங்குலம், 3000 பி.எஸ்.ஐ., தலையிலேயே ரெகுலேட்டர். உள்ளே 200 பார் இருந்தாலும் வெளியே விடுவது 800 அல்லது 850 பி.எஸ்.ஐ., அதாவது 55 முதல் 59 பார். துவக்குக்குத் தான் பழகிய அழுத்தம்தான் வந்து சேரும். குழாயில் கை வைக்க வேண்டாம். அந்தந்த மாடலுக்கென்று விற்கும் இணைப்பான் ஒன்று போதும். வெளியீட்டு அழுத்தம் எவ்வளவு என்று விற்பவரிடம் கேளுங்கள், ஏனென்றால் எல்லாப் போத்தலும் ஒன்றல்ல. போத்தலில் பொறித்த சோதனைத் திகதியைக் கண்ணால் பாருங்கள். திகதி அழிந்திருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

இனிச் செலவு. துவக்கு சும்மா வந்தது, காற்று சும்மா வராது. 11 லிட்டர் டைவிங் சிலிண்டர் 200 பாரில் நிறைந்திருந்தால், 70 பார்வரை சுட்டு இறக்கிய அந்தச் சின்னப் போத்தலை ஒரு தடவை நிரப்ப அதில் இரண்டரை பார் அளவு குறையும். 150 பாருக்கு இறங்குவதற்குள் இருபது தடவைக்கு மேல் நிரப்பலாம், ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடக் கொஞ்சம் குறைவாக. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிலிண்டர், நிரப்பும் குழாய், அழுத்தமானி எல்லாம் வாங்கிக் கூட்டினால் துவக்கின் விலையைப் பலமடங்கு தாண்டிவிடும். இன்னொன்று, நிலாவெளியிலும் உப்புவெளியிலும் டைவிங் நடப்பது கடல் அடங்கியிருக்கும் காலத்தில். வாடைக்காற்று தொடங்கினால் கடைகள் பெரும்பாலும் பூட்டு. மார்கழியில் காற்றுக்கு எங்கே போவீர்கள்? டயர் கடைக் கொம்பிரசர் எட்டு, பத்து பாருக்கு மேல் போகாது. கைப் பம்ப் உண்டு. கடைசி ஐம்பது பாருக்கு முழு உடம்பையும் அதன்மேல் போட வேண்டும். ஈரத்தை வடிக்காமல் அடித்தால் நம் கரைக் காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளே துருவாகும்.

கைவசம் வெல்டிங் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அழுத்தத்தில் ஒட்சிசனும் எண்ணெய்ப் பசையும் சந்தித்தால் வெடிக்கும். காற்றென்றாலும் உள்ளே சைக்கிள் எண்ணெய் விடக்கூடாது, சிலிகோன் கிரீஸ் மட்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில். அனுமதி சித்தப்பாவின் பெயரில் இருந்தால் அது அவரோடு முடிந்தது. இலங்கையில் துவக்குகளை ஆள்வது 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். உங்கள் பெயருக்கு என்ன தேவை, மாற்றம் செய்யலாமா என்பதை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகம் வரவழைப்பதாக இருந்தால் காசு கட்டுவதற்கு முன்பே கேளுங்கள், பொதி சுங்கத்தில் கிடக்கும்போது கேட்டுப் பயனில்லை. சுடுவது தகரப் பேணியாகவே இருக்கட்டும், பின்னால் மண் அணையோடு. பிரெட்ரிக் கோட்டை மான்கள் டவுன் வீதிவரை வந்து மேயும் ஊர் இது.

கேள்வி: என்னிடம் இருப்பது குழலை மடித்துச் சுடும் சுருள்வில் துவக்கு. இதையும் காற்றுக்கு மாற்ற முடியுமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: விட்டுவிடுங்கள். அதில் காற்றைச் சேமிக்கும் அறையே இல்லை; விசையை இழுக்கும் நொடியில் பிஸ்டன் ஓடிக் காற்றை அமுக்குகிறது, அவ்வளவுதான். மாற்றுவதென்றால் வால்வு, சேமிப்புக் குழாய், சுத்தியல் எல்லாம் புதிது. மிஞ்சுவது கட்டையும் குழலும். சுருளையும் சீலையும் மாற்றினாலே அது நன்றாகச் சுடும், பம்பும் வேண்டாம்.

கேள்வி: கடையொன்றில் பழைய டைவிங் சிலிண்டர் வாங்கினேன். “நல்லது” என்று சொல்லித்தான் விற்றார்கள். காற்று நிரப்பப் போனால் டைவிங்காரர் மறுக்கிறார். கடைக்காரர் காசைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்.
— வாசகி, நிலாவெளி

பதில்: டைவிங்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள், அவர் சரியானதைத்தான் செய்தார். சிலிண்டரின் தோள்பட்டையில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை, ஆண்டுக்கு ஒருமுறை உட்பக்கப் பார்வை. உங்களுடையதில் அந்த ஐந்து ஆண்டு எப்போதோ கடந்திருக்கும்.

பற்றுச்சீட்டு இருக்கிறதா? அதில் “டைவிங் சிலிண்டர்” என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலம்; “இரும்புச் சாமான்” என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கஷ்டம். பொறித்த திகதியைப் படமெடுங்கள், நிரப்ப மறுத்த காரணத்தை டைவிங்காரரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். இரண்டையும் வைத்துக் கடைக்காரரிடம் ஒருமுறை நிதானமாகப் பேசுங்கள். மசியவில்லை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். அதுவரை சிலிண்டரை வெயிலில் போடாதீர்கள், வால்வைக் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே இன்னும் காற்று இருக்கலாம்.