குடல் நோய்க்குக் கஞ்சா மருந்தாகுமா?

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு கிரோன்ஸ் என்கிற நாள்பட்ட குடல் அழற்சி நோய், வலியில் சுருண்டு படுத்துவிடுகிறான். வெளிநாட்டில் இதற்குக் கஞ்சா தருகிறார்களாம், இங்கே பொட்டலம் வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். சரியா டாக்டர்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டவே வேண்டாம்மா. அவன் கேள்விப்பட்டது பொய்யில்லை. 2013-ல் வெளியான ஓர் இஸ்ரேல் ஆய்வில் கிரோன்ஸ் நோயாளிகள் 21 பேரில் 11 பேருக்கு எட்டு வாரம் கஞ்சா சிகரெட் கொடுத்தார்கள். அந்த 11 பேரில் 10 பேருக்குத் தொந்தரவு குறைந்தது, பசியும் தூக்கமும் தேறின. ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்கவில்லை. எனக்குப் பயமே இதில்தான், வலி இல்லையே என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், உள்ளே புண் வேலையைக் காட்டிக்கொண்டே இருக்கும், அப்புறம் குடல் சுருங்கி அடைத்து ஆபரேஷனில் போய் நிற்கும்.

பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. நாள்பட்டுப் புகைப்பவர்களில் சிலருக்கு நிற்காத வாந்தியும் வரும். 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டப்படி சிறிய அளவு வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை உண்டு.

சிகரெட் பிடிப்பவன் என்றால் அதை உடனே விடட்டும், புகை கிரோன்ஸை முற்றவைக்கும். பழைய கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டோடு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியின் குடல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வலி அடங்கவில்லை என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். அசாதயோபிரின் மாத்திரை, இன்ஃப்ளிக்சிமாப் ஊசி என்று இன்னும் வழி இருக்கிறது. ஏற்கெனவே கஞ்சா இழுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.